இடக் கைக்குத் தெரியாத சோறு

சஹன் தட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனே, என் மீரான்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறை? இங்கே இருப்பவர்களுக்குத்தான் எல்லாத் தொந்தரவும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஃபேரர் பார்க் வீட்டில் உன் நினைவு நாளுக்கு வருஷ ஃபாத்திஹா ஓதினார்கள். நான் போயிருந்தேன். நம்ப மாட்டாய். நீ இறந்துபோன முதல் வருஷம் நான் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. உன் தம்பி ஹமீது கூப்பிட்டபோதெல்லாம் ஃபோனை எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த முறை போனேன். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். நமக்குள் மறைக்க ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே ரகசியத்தையும் நீதான் வைத்திருந்தாய். அதை என்னிடமிருந்தே மறைத்தாய். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மச்சான், எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலப் பக்கம்.

தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பையை வாங்க வலக் கையை நீட்டினேன், அல்லது நீட்டியதாக நினைத்தேன். பை தரையில் விழுந்தது. மீன்காரர், “அங்கிள், மீனு கீழ விழுந்துருச்சு” என்றார். அது எனக்கும் தெரிந்தது. எடுக்கக் குனிந்தவன், மீனுக்குப் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, “அந்த மீன் என்னா ஆச்சு மச்சான்?” என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

கோணிய முகம் சில வாரங்களில் நேராகிவிட்டது. கால் முதலில் கோலை ஊன்றி நடந்தது, பிறகு கோல் இல்லாமலே நடந்தது. வலக் கை மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. “ஒங்க கைதானே, ஒங்க கொணம்தான் இருக்கும்” என்றாள் லலிதா. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் வேறெப்படிப் பேசுவாள்?

பழைய நண்பர்கள் பார்க்க வந்தார்கள். நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடக் கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மறுவாழ்வு நிலையம். அங்கேதான் அனுப்பினார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் ரேவதி. ஈரோட்டுக்காரி, வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அவள் வாயைத் திறந்ததுமே எனக்கு முகம் கடுத்தது. உனக்குத் தெரியும், என்னை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் நாற்காலியில் அவர்கள் உட்கார வைத்தவனும் ஊரிலிருந்து, இந்தியாவிலிருந்து, வந்தவன்தான். அதைச் சொல்லி நான் புலம்பியபோது நீ என்ன சொன்னாய்? “ஒங்க தாத்தா கப்பல்ல வந்தாரு, அவன் பிளேன்ல வந்தான். அவ்ளோதான் லா வித்தியாசம்.” எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சொல்லி வைக்கிறேன்.

ரேவதி ஒரு கறுப்புக் கையுறையை எடுத்து வந்தாள். ஒவ்வொரு விரலின் முதுகிலும் மெல்லிய உலோகக் கம்பி. மணிக்கட்டில் சின்ன மோட்டார். முன்கையில் பிளாஸ்திரி போல இரண்டு பட்டைகளை ஒட்டினாள். விரலை மடக்க வேண்டும் என்று நான் நினைத்தால் தசையில் ஒரு சிறு துடிப்பு வருமாம். கண்ணுக்குத் தெரியாத அதை அந்தப் பட்டைகள் பிடித்து மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் மீதியை முடித்துக் கொடுக்கும். நாளாக நாளாக அது உதவியைக் குறைத்துக்கொண்டே வரும்.

“நீங்க ஆரம்பிச்சாப் போதுங்க சார், அது முடிச்சு வெக்கும்” என்றாள்.

“ஆரம்பிக்கறதுதானே வரமாட்டேங்குது” என்றேன்.

“வருங்க சார். நீங்க முறைக்கறத நிறுத்துனா வரும்.”

எதிரே ஒரு திரை. அதில் மங்குஸ்தீன் பழங்கள் உருண்டு வரும். பிடித்துக் கூடையில் போட வேண்டும். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தரும் சொல்லாத பாராட்டு, ஒரு மங்குஸ்தீனுக்குக் கிடைத்தது. அதுவும் நிஜப் பழம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை ஆள்காட்டி விரல் மடங்கியபோது, அது மோட்டார் மடக்கியதா நான் மடக்கியதா என்று தெரியாமல் ரேவதியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “பாதிக்கு மேல நீங்கதாங்க சார்” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மழை பெய்யவில்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வித்தையும் அந்தக் கருவியில் உண்டு. இடக் கையில் மோட்டார் இல்லாத ஒரு மெல்லிய உறையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இடக் கை என்ன செய்கிறதோ, அதையே வலக் கையைச் செய்ய வைக்கும் கருவி. நன்றாக இருக்கும் கை பாடம் நடத்தும், படுத்துவிட்ட கை கேட்டுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அசைவதைப் பார்த்துப் பார்த்து மூளை பழைய வழியைத் தேடிக் கண்டுபிடிக்குமாம். அப்படித்தான் குவளை பிடித்தேன், சாவி திருப்பினேன், மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினேன். முள்கரண்டி பிடித்தேன். பீட்சாத் துண்டை எடுக்கக்கூட ஒரு பாடம் இருந்தது. கையெழுத்து, கோணலாக இருந்தாலும், வந்துவிட்டது. பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ரேவதி சொன்ன வாரத்தில்தான் ஹமீது வீட்டுக்கே வந்து நின்றான்.

ஃபோனை எடுக்காதவனை வேறெப்படிப் பிடிப்பது? லலிதா கதவைத் திறந்துவிட்டாள். எனக்கு ஓடி ஒளிய நேரமில்லை.

அவனை நான் ஏன் பார்க்க விரும்பவில்லை என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ என்னிடம், “கீழக்கரைக்குப் போறேன் மச்சான், ஊர்ல வீட்டு வேல இருக்கு, வர நாளாகும்” என்றாய். நானும் நம்பினேன். நீ ஊருக்குப் போகவே இல்லை. இதே சிங்கப்பூரில், எம்ஆர்டி ரயிலில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். ஹமீது தினமும் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, நான் கேட்டால், “காக்கா ஊர்ல நல்லா இருக்காங்க” என்பான். உங்கள் வழக்கில் அண்ணன் என்றால் காக்கா. கடைசியில் நீ மௌத்தான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழுவில், யாரோ அனுப்பிய பிறந்தநாள் கேக்குக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில். பதின்மூன்று வயதிலிருந்து பழகியவனுக்கு அதுதான் தகவல்.

ஹமீது நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். “காக்கா, அடுத்த மாசம் வருஷ ஃபாத்திஹா. நீங்க வரணும்.”

“என்ன சமைக்கறீங்க?” என்று கேட்டேன். வேறு பேச எனக்கு இஷ்டமில்லை.

“நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. சஹன்தான் காக்கா. மீரான் காக்காவுக்கு சஹன் இல்லாமயா?” சொல்லிக்கொண்டே என் மடியில் கிடந்த வலக் கையைப் பார்த்தான். சட்டென்று, “ஒங்களுக்குத் தனியா ஒரு தட்டு வெச்சிரலாம் காக்கா. ஸ்பூனும் வெச்சிரலாம். ஒண்ணும் பிரச்சன இல்ல லா” என்றான்.

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. மீரான் வீட்டில் எனக்குத் தனித் தட்டா?

உன் ராத்தா, அதுதான் உன் அக்கா, அவள் கல்யாணம் நினைவிருக்கிறதா? உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தி. தரையில் பாய் விரித்து, பாய்க்கு நடுவே அந்தப் பெரிய வட்டத் தட்டு. சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, சுற்றி நான்கு பேர். அதுதான் சஹன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எச்சில் என்றால் அம்மா குடித்த குவளையில் அப்பா குடிக்க மாட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரவர் எதிரே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் கறி நடுவில் இருந்தது. அதை எப்படி எடுப்பது, யார் எடுப்பது? நான் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாய். “நடுவுல இருக்கற வரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்ல மச்சான். ஒன் பக்கம் வந்துட்டா ஒன்னுது. சாப்புடு.”

அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எத்தனை பந்தி! எந்த விசேஷமானாலும் நீ எனக்கு எதிரே வந்து உட்காருவாய். யாராவது முந்திக்கொண்டால், “அது என் எடம்” என்று எழுப்பிவிடுவாய். கறியை நீதான் பிய்ப்பாய், நீதான் தள்ளுவாய். ஒருநாளும் நான் நடுவில் கை வைத்ததில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா என் கையை முகர்ந்து பார்த்து, “இன்னிக்கும் அவங்க வீட்லதானா?” என்பாள். திட்டுவது போல ஆரம்பித்து, “கறி நல்லா மணக்குது” என்று முடிப்பாள்.

கட்டாய ராணுவப் பயிற்சி முகாமில் நீ செய்த கூத்தும் மறக்கவில்லை. எல்லாரும் முள்கரண்டியோடு மல்லுக்கட்ட, நீ கையால் பிசைந்து சாப்பிட்டாய். சார்ஜன்ட் வந்து, உனக்கு யாரும் கரண்டி தரவில்லையா என்று கேட்டார். “கரண்டி எல்லாருக்கும் பொது சார். கை என் சொந்தம்” என்று சிரிக்காமல் பதில் சொன்னாய். அதற்காகப் பாத்திரம் கழுவப் போட்டார்கள். கூடச் சிரித்த என்னையும் போட்டார்கள்.

பிறகு நமது சனிக்கிழமைகள். உன் கைலிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீ வருவாய், நான் மேற்கிலிருந்து ரயிலேறி வருவேன். தேக்காவில் அதே மூலை மேசை. நான் சோற்றை அள்ளி வாயில் போடுகிறவன். நீ அப்படியில்லை. விரல் நுனியால் ஓரத்துச் சோற்றை இழுத்து, தட்டின் விளிம்பில் லேசாக அழுத்தி, சின்ன உருண்டையாக்கி, கட்டைவிரலைப் பின்னால் கொடுத்துத் தள்ளுவாய். சுண்டுவிரல் மட்டும் தனியாக, இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்பது போல நிமிர்ந்து நிற்கும். “டீ குடிக்கற தொரசாணி மாதிரி இருக்குடா” என்று கேலி செய்வேன். “விரல்ல சோறு ரெண்டாவது கணுவ தாண்டினா எங்க உம்மா அடிப்பாங்க மச்சான்” என்பாய்.

அப்படிப்பட்ட வீட்டில் எனக்குத் தனித் தட்டும் ஸ்பூனும். ஹமீதிடம், “சஹன்ல வலக் கையால சாப்பிட முடிஞ்சா வரேன். முடியலேன்னா வரமாட்டேன்” என்றேன். லலிதா என்னைப் பார்த்தாள். ஹமீது தரையைப் பார்த்தான்.

அன்றைக்கே லலிதாவைச் சோறு போடச் சொல்லி, கரண்டியைத் தூர வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீரான், குவளையும் சாவியும் பிடித்த அதே கைதான். சோற்றில் வைத்ததும் முஷ்டியாக மூடிக்கொண்டது. விரல் இடுக்கு வழியே சோறும் சாம்பாரும் பிதுங்கி வெளியே வந்தன. வாய் வரைக்கும் வந்து சேர்ந்தது வெறும் முஷ்டி.

“இத்தன மாசம் அங்க என்னதான் பண்ணீங்க?” என்றாள் லலிதா. சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் துணி எடுத்து வந்தாள்.

மறுநாள் ரேவதியிடம் கத்தினேன். “பீட்சா எடுக்கக் கத்துக்கொடுத்தே. சோறு சாப்பிடக் கத்துக்கொடுத்தியா?”

“ஐயோ சார்” என்றாள். “நான் ஒரு லூசுங்க சார். மத்தியானம் உள்ள போயி தயிர்சாதத்தக் கையில பெசஞ்சு சாப்ட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து ஒங்களுக்கு ஃபோர்க் புடிக்கச் சொல்லிக் குடுத்துருக்கறேன். ஒரு நாள் கூட தோணலையே.” கொஞ்சம் யோசித்து, “நீங்களும் கேக்கலீங்க சார்” என்றாள்.

அதுவும் உண்மைதான். என்னவெல்லாம் திரும்ப வேண்டும் என்று முதல் நாள் கேட்டாள். கையெழுத்து, கணினி, கார் என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். அந்தக் குளிரூட்டிய அறையில், அந்த ஆங்கிலத்தில், இரண்டு தமிழர்களுக்கும் சோறு ஞாபகம் வரவில்லை.

ரேவதி தன் சாப்பாட்டு டப்பாவையே எடுத்து வந்தாள். என் இடக் கையில் மெல்லிய உறையை மாட்டினாள். “இடக் கையால நீங்க சாப்பிடற மாதிரி பண்ணுங்க சார். வலது அப்படியே பின்னால வரும்.”

இடக் கையைச் சோற்றருகே கொண்டுபோனேன். நின்றுவிட்டது. கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைத் தாண்டி விரலை வைத்தபோதுதான் புரிந்தது. அதற்குத் தெரியவில்லை. குவளை தெரியும், சாவி தெரியும், ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு கவளம் சோறு எடுத்திராத கை அது. வெளிநாட்டுப் பயணி முதல் முறை இலைச் சாப்பாட்டில் கை வைப்பது போலத் தடவியது. பின்னாலேயே வலக் கையும் அதே மாதிரி தடவியது. வாத்தியாருக்குத் தெரியாத பாடத்தை மாணவன் எங்கே கற்பான்? வேறு ஏதோ நாட்டில் இந்தக் கருவியைச் செய்தவனுக்கு இப்படி ஒரு சிக்கல் வரும் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது.

ரேவதி பெட்டியைத் துழாவினாள். இடப் பக்கம் வாதம் வந்தவர்களுக்காக வலக் கைக்கான மெல்லிய உறையும் அதில் இருந்தது. “இத வேற ஒருத்தர் போட்டுட்டு சாப்பிட்டுக் காட்டுனா, அவங்க கை பண்றத ஒங்க கை பண்ணும் சார். நான் போட முடியாது, ஒங்க மணிக்கட்டப் புடிக்கணும், ஸ்கிரீனயும் பாக்கணும். கூட யாராச்சும் வந்துருக்காங்களா?”

வந்திருந்தான். லலிதாவுக்கு வேலை நாள். அவள் என்னைக் கேட்காமலே ஹமீதைக் கார் எடுத்து வரச் சொல்லியிருந்தாள். காலையில் நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். “காக்கா, முன்னாடி வாங்க லா. பாக்கறவன் என்னய டாக்சி டிரைவர்னு நெனப்பான்” என்றான். நான் பின் கதவைச் சாத்திக்கொண்டேன். வழி முழுக்க டாக்சியாகவே ஓட்டி வந்தான். இப்போது மூலையில் கைத்தொலைபேசியைப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தவன், “நான் போட்டுக்கறேன் சிஸ்டர்” என்று எழுந்தான்.

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் உறையை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான். நடுவில் ஒரு தட்டு. பிஸ்மி சொல்லிவிட்டு விரலை வைத்தான். என் கை அசைந்தது.

விரல் நுனி ஓரத்துச் சோற்றை இழுத்தது. விளிம்பில் லேசாக அழுத்தியது. உருட்டியது. கட்டைவிரல் பின்னால் போனது. என் சுண்டுவிரல், மீரான், என் சுண்டுவிரல் தனியாக நிமிர்ந்து நின்றது.

“நிறுத்து” என்றேன்.

ரேவதி பதறி, “வலிக்குதுங்களா சார்?” என்றாள்.

“இல்ல.”

“அப்பறம்?”

ஹமீது தன் கையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. “எங்க ரெண்டு பேரயும் ஒண்ணா ஒக்கார வெச்சுத்தான் உம்மா சொல்லிக் குடுத்தாங்க” என்றான். “சோறு ரெண்டாவது கணுவ தாண்டினா அடி.”

இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து நான் கேலி செய்த கை, ஒரு மோட்டாரும் கம்பியும் வழியாக என் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவிக்கு அது யார் கை என்று தெரியுமா? அது சமிக்ஞையை வாங்கியது, கொடுத்தது. அவ்வளவுதான்.

ரேவதி தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். பக்கத்திலேயே நிரம்பிய பாட்டில் இருந்தது.

ஹமீது உறையைக் கழற்றாமலே பேசினான். “கடேசில காக்காவால முழுங்க முடியல. மூக்கு வழியா டியூப்லதான் போச்சு. ‘குணா வந்தா சாப்பாட்டு நேரத்துக்குத்தான்டா வருவான், அவன் முன்னாடி நான் இப்படி எப்படி இருக்கறது’ன்னாங்க. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்ன செய்ய, சொல்லுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த இடம் நினைவுக்கு வந்தது. அதனால் எல்லாம் புரிந்துவிட்டது, மனம் இளகிவிட்டது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். எழுத மாட்டேன். புரிவது வேறு, கோபம் தீர்வது வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான். நீ சாப்பிடவில்லை என்றால் நான் மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உன் எதிரே சாப்பிட்டிருப்பேனா? கறியைப் பற்றிப் பேசிக்கொண்டாவது உட்கார்ந்திருக்க மாட்டோமா?

ஹமீதின் கை அசைவை ரேவதி கருவிக்குள் பதிந்து வைத்தாள். அவன் வராத நாட்களிலும் அதைப் போட்டு ஓட்டுவாள். முதலில் லலிதா குழைய வடித்த சோறு. பிறகு கொஞ்சம் உதிரி. மோட்டாரின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஒருநாள் வாய்க்கு ஏழெட்டுப் பருக்கையாவது வந்துசேர்ந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மோட்டார் அணைந்து கிடந்தது. திரையில் அந்தப் பெண் குரலையும் அணைத்து வைத்திருந்தாள். “நானே சொல்றேங்க சார்” என்று சொல்லிவிட்டு, “அருமைங்க சார்” என்றாள். ஊரிலிருந்து வந்தவர்களைப் பற்றி நீ சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஓதி முடிந்து பாய் விரித்தார்கள். உன் வீட்டு வாசலில் இப்போதும் அதே அத்தர் வாசம். மூலையில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் கவிழ்த்து மூடிய தட்டும் பக்கத்தில் ஒரு ஸ்பூனும். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஜைனப், எனக்காக எடுத்து வைத்தது. நான் அதைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். கால் மடங்க நேரமானது. யாரும் உதவிக்கு வரவில்லை. வரக் கூடாது என்று ஹமீது சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் சஹனில் உன் மருமகன், பள்ளிவாசலிலிருந்து வந்த ஒரு பெரியவர், நான், எனக்கு எதிரே ஹமீது. உன் இடத்தில்.

கையுறை கிடையாது, பட்டைகள் கிடையாது. விரலை நெய்ச்சோற்றில் வைத்தேன். நெய்ச்சோறு உதிரியாக இருக்கும், உனக்குத் தெரியாததா? முதல் கவளம் பாதி வழியில் பாயில் கொட்டியது. பெரியவர் என்னைப் பார்க்காமல் உன் மருமகனிடம் தன் முழங்கால் வலியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆரம்பித்தார். தால்ச்சாவை ஊற்றி நனைத்தேன். இழுத்தேன், அழுத்தினேன், கட்டைவிரலைப் பின்னால் கொடுத்தேன். வாய்க்கு வந்தது.

நெய், ஏலக்காய், உன் வீட்டு உப்பு. என் விரலின் சூட்டோடு.

பெரியவர் கதையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். “தம்பி, நீங்க எங்க ஊரா? கீழக்கரக்காரங்க மாதிரி சாப்புடுறீங்களே.”

“இல்லங்க” என்றேன். “பழக்கம்.”

கறி நடுவில் இருந்தது. பிய்க்க எனக்குக் கட்டைவிரலில் பலமில்லை; அது இன்னும் வரவில்லை. நான் அதைப் பார்க்காமல் என் பக்கச் சோற்றிலேயே கவனமாக இருந்தேன். எதிரிலிருந்து ஒரு கை நீண்டது. துண்டைப் பிய்த்தது. என் பக்கம் தள்ளியது.

“ஒங்க பக்கம் வந்துட்டா ஒங்களுது காக்கா. சாப்பிடுங்க.”

அந்த வார்த்தையை நீ அவனிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனாயா? இல்லை, அதுவும் உம்மா சொல்லிக் கொடுத்ததா? அவனிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

எழுந்திருக்கும்போது ஜைனப் உள்கதவருகே நின்று, “அண்ணே, தட்ட எடுத்து வெச்சிருந்தேனே, அப்படியே இருக்கே” என்றது. “உள்ள வெச்சிரும்மா” என்றேன். அழுததா சிரித்ததா தெரியவில்லை. ஸ்பூன் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஹமீதுதான் புக்கிட் பாத்தோக் வரை கொண்டுவந்து விட்டான். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பேசவில்லை. ஆனால் முன் சீட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை, வெறும் தண்ணீர்தான். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, அவன் பார்க்காதபோது முகர்ந்துகொண்டே வந்தேன். வலக் கையில் சாப்பாட்டு வாசம் வந்து எவ்வளவு காலமாகிவிட்டது! வீட்டில் லலிதாவிடம் கையை நீட்டினேன். அம்மா மாதிரியே முகர்ந்து பார்த்தாள்.

கட்டைவிரலுக்கென்று கருவியில் தனியாக ஒரு பாகம் உண்டாம். நாளைக்கு ஆரம்பிக்கிறோம். ரேவதி என்ன பிய்த்துப் பழகலாம் என்று கேட்டாள். சப்பாத்தி என்றாள். கறிதான் என்றேன். அவள் சைவம், முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றாள்.

அடுத்த வருஷம் உன் ஃபாத்திஹாவுக்கு வருவேன். அதே இடத்தில் உட்காருவேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நடுவில் கை வைத்து, இந்தக் கையாலேயே கறியைப் பிய்த்து, உன் தம்பியின் பக்கம் தள்ளுவேன். உன்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கும், அதில் ஒரு மாற்றமுமில்லை. கறி மட்டும் அவன் பக்கம் போய்ச் சேரும். இது சத்தியம்.

உன் எதிர்ப்பக்கத்து மச்சான்,
குணசேகரன்